வாடிக்கையாளர் திருப்தியும் வாடிக்கையாளர் விசுவாசமும்

வாடிக்கையாளர் திருப்தி என்பது, பொருளையோ சேவையையோ பெற்றவர் தாம் எதிர்பார்த்ததையும் தமக்குக் கிடைத்ததையும் ஒப்பிட்டு அடையும் மனநிறைவு ஆகும். வாடிக்கையாளர் விசுவாசம் என்பது, வேறு இடத்தில் வாங்க வாய்ப்பு இருந்தும் அதே நிறுவனத்தை நாடி வருவதாகும். திருப்தி கூடினால் விசுவாசமும் அதே அளவில் கூடும் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் இத்தொடர்பு, வாடிக்கையாளருக்கு உள்ள மாற்று வழிகளைப் பொறுத்து மாறுபடுகிறது.

மாற்று வழி குறைவாக உள்ள நிலை

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு வேலைக்குச் செல்பவர் சீசன் டிக்கெட் எடுத்து நாள்தோறும் இதில் பயணம் செய்கிறார். ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்தில் சென்றால் நேரம் கூடும். சொந்த வண்டியில் சென்றால் செலவு கூடும். எனவே நெரிசலால் சலிப்படைந்தாலும் மறுநாளும் அவர் ரயிலுக்கே வருவார். இது விசுவாசம் போலத் தோன்றும். ஆனால் விசுவாசம் அன்று.

தடை நீங்கும் நிலை

முன்பு கைப்பேசி நிறுவனத்தை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். உறவினர், வங்கி, அலுவலகம் என எல்லோருக்கும் புதிய எண்ணைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. இத்தொல்லைக்கு அஞ்சியே பலர் பழைய நிறுவனத்தில் நீடித்தனர். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2010 நவம்பர் 25 அன்று அரியானாவில் தொடங்கி, 2011 சனவரி 20 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, விலகுவதற்கான குறியீட்டைப் பெறலாம். விரும்பித் தொடர்ந்தவர் யார், வேறு வழியின்றித் தொடர்ந்தவர் யார் என்பது இத்தகைய தடை நீங்கிய பிறகே நிறுவனத்துக்குத் தெரியவரும்.

போட்டி மிகுந்த நிலை

தாமஸ் ஜோன்ஸ், ஏர்ல் சாசர் ஆகியோர் 1995-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் இதை விளக்கினர். போட்டியில்லாத உள்ளூர்த் தொலைபேசிச் சேவையில் அதிருப்தியாளரும் நீடித்தனர். போட்டி மிகுந்த கார் விற்பனையில், திருப்தி சற்றுக் குறைந்தாலே விசுவாசம் பெரிதும் சரிந்தது. செராக்ஸ் நிறுவனத்தில், 'முழுத் திருப்தி' என்றவர்கள் மீண்டும் வாங்கும் வாய்ப்பு, 'திருப்தி' என்று மட்டும் சொன்னவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாக இருந்தது.

அளவிடும் முறை

மீண்டும் வருவோரின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு விசுவாசத்தை அளக்க இயலாது. கணக்கு நோட்டில் கடன் வைத்திருப்பதால் மளிகைக் கடைக்கு வருபவரும் அவ்வெண்ணிக்கையில் அடங்குவார். கடனை அடைத்த பின்னும், அருகில் பல்பொருள் அங்காடி திறந்த பின்னும் அவர் வருகிறாரா, பிறரையும் அழைத்து வருகிறாரா என்று பார்க்க வேண்டும். இவ்வேறுபாட்டை உணராத வணிகர், புதிய போட்டியாளர் வரும் நாளில் நெடுநாள் வாடிக்கையாளர்களைத் திடீரென இழக்க நேரிடும்.