பெண் இசை நடத்துநர்களுக்குத் தனிப் போட்டி எதற்கு? மைசூர் மகாராஜா முதல் பாரிஸ் 'லா மாஸ்த்ரா' வரை

கோலார் தங்க வயல்: 1950ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி, லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசி நான்கு பாடல்கள் அரங்கேறின. பாடியவர் நார்வே பாடகி கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டட். ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவை வழிநடத்தியவர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர். அந்த நிகழ்ச்சி நடைபெறுவதற்காக 4,800 டாலருக்கு உத்தரவாதம் அளித்தவரோ மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார்.

கோலார் தங்க வயலில் வெட்டியெடுக்கப்பட்ட தங்கத்துக்காக, ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வகித்த சுரங்க நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக ராயல்டி செலுத்தி வந்தது இதே மைசூர் அரசுக்குத்தான். குறிப்பிட்ட அந்த 4,800 டாலர் இந்தத் தங்கத்திலிருந்தே வந்தது எனச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த அரசின் கருவூலத்தில் இங்கு நிலத்தடியில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களின் வியர்வைக்கும் பங்கு உண்டு. சிம்பொனி இசை எப்போதுமே யாரோ ஒருவர் பணம் தந்தால் மட்டுமே ஒலிக்கும் கலை. உலக அளவில் பெண் இசை நடத்துநர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதியும் இதில்தான் அடங்கியுள்ளது.

வீட்டில் வைத்துப் பழக முடியாத வாத்தியம்

'நடத்துநர்' என்றதும் தமிழ் வாசகருக்குப் பேருந்தில் பயணச்சீட்டு தருபவரே நினைவுக்கு வரக்கூடும். இசைக்குழுவின் நடத்துநர் வாத்தியம் எதையும் வாசிப்பதில்லை. இசையின் வேகம் என்ன, எந்தப் பிரிவு எப்போது நுழைய வேண்டும், எது ஓங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதையெல்லாம் ஒத்திகையில் தீர்மானித்து, மேடையில் கையசைவால் உணர்த்துபவர் அவர். 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியபோது அப்பணியைச் செய்தவர் மிக்கேல் டாம்ஸ்.

வயலின் கற்பவர் நாள்தோறும் வீட்டிலேயே சாதகம் செய்யலாம். நடத்துநருக்கோ இசைக்குழுதான் வாத்தியம். 60, 70 கலைஞர்களையும் ஓர் அரங்கையும் யாராவது ஏற்பாடு செய்து தந்தால்தான் அவர் பயிற்சியே பெற முடியும். முன்பு நடத்திய அனுபவம் இல்லாதவரை எந்தக் குழுவும் அழைப்பதில்லை. அழைக்கப்படாதவருக்கு அனுபவம் கிடைப்பதும் இல்லை. இந்தச் சுழலில் ஆண்களும் சிக்குவது உண்டு. ஆனால் பெண்களுக்கு அதன் முதல் கதவே நெடுங்காலம் திறக்கவில்லை.

வாத்தியக் கலைஞர்களைத் தேர்வு செய்யும்போது, ஆணா பெண்ணா எனத் தெரியாமல் இருக்கத் திரைக்குப் பின்னால் வாசிக்கச் செய்யும் முறையைப் பல இசைக்குழுக்கள் கையாள்கின்றன. நடத்துநர் தேர்வில் அந்த உபாயம் செல்லாது. திரைக்குப் பின்னால் நின்று இசைக்குழுவை நடத்த இயலாதே.

அமெரிக்காவைச் சேர்ந்த அன்டோனியா பிரிக்கோ 1930ஆம் ஆண்டிலேயே பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவை நடத்தியவர். ஆயினும் வாழ்நாள் இறுதிவரை பெரிய இசைக்குழு எதிலும் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. வியன்னா ஃபில்ஹார்மோனிக் பெண்களை உறுப்பினர்களாக ஏற்க முன்வந்தது 1997இல்தான். 2005இல் ஆஸ்திரேலியாவின் சிமோன் யங் அக்குழுவை நடத்திய முதல் பெண்மணி ஆனார். அமெரிக்காவின் முன்னணி இசைக்குழு ஒன்றுக்கு, அதாவது பால்டிமோர் சிம்பொனிக்கு, மரின் ஆல்சாப் தலைமையேற்றது 2007இல்.

சுரங்கத்துக்குள் பெண்கள் வேலை செய்ய 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் தடை விதித்திருந்தது. 2019இல் நிபந்தனைகளுடன் அத்தடை தளர்ந்தபோது, கோலார் சுரங்கங்கள் மூடப்பட்டு 18 ஆண்டுகள் கடந்துவிட்டன. இசைக்குழுவின் மேடைக்கு அப்படிச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. வழக்கமே போதுமானதாக இருந்தது.

போட்டியால் என்ன கிடைக்கிறது?

1958இல் லிவர்பூலில் நடந்த சர்வதேசப் போட்டியில் வென்ற மும்பை இளைஞர் சுபின் மேத்தாவுக்குக் கிடைத்த பரிசு, அந்நகர இசைக்குழுவில் ஓராண்டு துணை நடத்துநர் பதவி. நான்கே ஆண்டுகளில் அவர் மான்ட்ரியால், லாஸ் ஏஞ்சலிஸ் இசைக்குழுக்களின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். ஹாங்காங்கைச் சேர்ந்த எலிம் சான் 2014இல் லண்டனில் டொனட்டெல்லா ஃபிளிக் போட்டியை வென்ற முதல் பெண். அவரும் அதன் பின்னர் லண்டன் சிம்பொனியின் துணை நடத்துநரானார். இத்தகைய போட்டிகளில் கோப்பையோ ரொக்கமோ இரண்டாம்பட்சம். ஒரு நல்ல இசைக்குழுவின் முன் நிற்கும் நேரமே உண்மையான பரிசு.

பெண்களுக்கென்றே இந்த வாய்ப்பை ஏற்படுத்தியது 'லா மாஸ்த்ரா' போட்டி. 2018இல் மெக்சிகோவில் நடந்த ஒரு போட்டியின் நடுவர் குழுவில் ஒரே பெண்ணாக அமர்ந்திருந்த பிரெஞ்சு நடத்துநர் கிளேர் ஜிபோ, அங்கு பெண்களைத் தாழ்த்தும் பேச்சைக் கேட்க நேர்ந்தது. அதன் விளைவாக, தாம் நிறுவிய பாரிஸ் மோசார்ட் இசைக்குழுவும் பாரிஸ் ஃபில்ஹார்மோனி அரங்கும் இணைந்து இப்போட்டியை நடத்த அவர் வழிவகுத்தார்.

கொரோனா பரவலால் தள்ளிப்போய், 2020 செப்டம்பரில் முதல் போட்டி நடந்தது. 200க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து 12 பேர் தேர்வாகினர். முதல் பரிசு இந்தோனேசியாவின் ரெபெக்கா டோங்குக்குச் சென்றது. எனினும் அதிகம் பேசப்பட்டவர் வெனிசுவேலாவின் கிளாஸ் மார்க்கானோ. குடும்பத்தின் பழக்கடையில் வேலை பார்த்தவர். விமானங்கள் நின்றிருந்த வேளையில் சிறப்பு விமானத்தில் பாரிஸ் வந்து சேர்ந்தார். முதல் மூன்று இடங்களில் அவர் இல்லை. ஆனால் வாசித்த இசைக்கலைஞர்களே தேர்ந்தெடுக்கும் இசைக்குழுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. நடுவர்களின் தீர்ப்பைவிட இதற்கு மதிப்பு குறைவு எனச் சொல்ல முடியாது.

2022இல் போலந்தின் அன்னா சுவ்கோவ்ஸ்கா-மிகோன், 2024இல் இஸ்ரேலின் பார் அவ்னி ஆகியோர் வென்றனர். பரிசு பெற்றவர்களைப் போட்டியோடு விட்டுவிடாமல், வழிகாட்டுதலும் பிற இசைக்குழுக்களுடன் பணியாற்றும் வாய்ப்பும் அளிக்கும் பயிற்சித் திட்டமும் இதனுடன் இணைக்கப்பட்டுள்ளது. வெற்றி மேடையைவிட இதுவே முக்கியம் எனலாம்.

பெண்களைத் தனியே பிரிப்பது அவர்களது திறமையைக் குறைத்து மதிப்பிடுவதாகும் என்ற எதிர்ப்பும் எழுந்தது. அது புறக்கணிக்கத்தக்க வாதம் அல்ல. ஆனால் பொதுப் போட்டிகள் எல்லோருக்கும் திறந்திருந்தும் பல பத்தாண்டுகளாக வென்றோர் பட்டியல் பெரும்பாலும் ஆண்களாலேயே நிரம்பியிருந்தது என்பதையும் அதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கிருந்து எவ்வளவு தொலைவு?

இந்தியாவின் ஒரே தொழில்முறை சிம்பொனி இசைக்குழு, 2006இல் மும்பையில் தொடங்கப்பட்ட சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா. மகாராஷ்டிராவின் பண்டரிபுரத்தில் பிறந்து, டென்மார்க் தம்பதியரால் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்த மரியா பாட்ஸ்டூ இக்குழுவை நடத்தியுள்ளார். துபாயில் ஏ.ஆர்.ரஹ்மான் வழிகாட்டுதலில் உருவான ஃபிர்தௌஸ் மகளிர் இசைக்குழுவை நடத்தியவர் லெபனானின் யாஸ்மினா சப்பா.

கோலார் தங்க வயலின் மாரிகுப்பம் நிலையத்திலிருந்து வேலைக்காகப் பெங்களூரு செல்வோர் ஏராளம். அதே ரயிலில் சென்று, 1987இல் தொடங்கப்பட்ட பெங்களூரு இசைப் பள்ளி போன்ற இடங்களில் ஒரு மாணவி வயலினோ பியானோவோ கற்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழும் பெறலாம். நடத்துநர் போட்டிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் சிக்கல் தொடங்கும். விண்ணப்பத்துடன் அனுப்ப வேண்டியது, அவர் ஓர் இசைக்குழுவை நடத்தும் காணொலி.