இசைத்தட்டு இயக்கி

இசைத்தட்டு இயக்கி என்பது தட்டில் வரிப்பள்ளமாகப் பதிந்துள்ள ஒலியை ஊசியால் தொட்டு, மின்குறிப்பாக மாற்றித் தரும் கருவி ஆகும். சாவி கொடுத்து இயக்கும் பழைய கிராமபோனில் ஊசியின் அதிர்வு நேரே குழலின் வழியே ஒலியாக வெளிவரும். மின்னியக்கியில் அந்த அதிர்வு சிறு மின்னோட்டமாகி, பெருக்கியின் வழியே ஒலிபெருக்கியை அடைகிறது. 1950 முதல் 1980 வரை செய்யப்பட்ட உயர்தர இயக்கிகளை இசை ஆர்வலரும் சேகரிப்பாளரும் இன்றும் தேடி வாங்குகின்றனர்.

அமைப்பு

இயக்கியின் முதன்மை உறுப்புகள் மோட்டார், கனமான சுழல்தட்டு, அதைத் தாங்கும் அச்சு, ஊசியைத் தாங்கும் கை, கார்ட்ரிட்ஜ் ஆகியவை. மோட்டாரின் சுழற்சி மூன்று வழிகளில் தட்டுக்குச் செல்லும்.

* ரப்பர் சக்கரம்: மோட்டாருக்கும் தட்டின் விளிம்புக்கும் இடையே ஒரு ரப்பர் சக்கரம் உருளும். இங்கிலாந்தின் சுவிண்டன் நகரில் 1954-இல் வெளிவந்த கரார்டு 301 இவ்வகை. இதன் முற்பட்ட கருவிகளின் அச்சுக்குக் கிரீசும், பிற்பட்டவற்றுக்கு எண்ணெயும் இட வேண்டும்.
* பட்டை: ரப்பர் பட்டை தட்டைச் சுழற்றும். மோட்டாரின் அதிர்வு தட்டை எட்டுவது குறைவு. சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் டிடி 124 (1957) பட்டையையும் ரப்பர் சக்கரத்தையும் சேர்த்துப் பயன்படுத்தியது.
* நேரியக்கம்: மோட்டாரின் அச்சிலேயே தட்டு அமரும். ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்பி-10 (1970) இதன் முன்னோடி.

வேகமும் சுருதியும்

தட்டுகள் நிமிடத்துக்கு 78, 45, 33⅓ என்னும் சுற்றுகளில் பதிவாகின. வேகம் பிசகினால் சுருதியும் பிசகும். பழைய இயக்கிகள் பலவற்றில் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணைச் சார்ந்தது. அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ். அங்கிருந்து கொண்டுவந்த கருவியை மின்னழுத்தம் மட்டும் மாற்றி இங்கு ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்து பங்காகிவிடும். ஐந்து கட்டையில் பாடிய பாட்டு மூன்று கட்டையில் கேட்கும். மோட்டாரின் கப்பியை 50 ஹெர்ட்சுக்கு உரியதாக மாற்றுவதே தீர்வு.

ஊசி

78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு முனை ஆரம் ஏறத்தாழ 0.075 மில்லிமீட்டர் கொண்ட ஊசி வேண்டும். நெடுந்தட்டுக்கு (எல்பி) ஏறத்தாழ 0.018 மில்லிமீட்டர் போதும். நெடுந்தட்டின் ஊசியை 78 தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலை மட்டுமே பெருக்கும். 78-க்கு உரிய ஊசியை நெடுந்தட்டில் வைத்தால் மெல்லிய வரிகள் சிதையும். சிதைந்த வரியைச் சீராக்க வழியில்லை.

அரக்கும் இந்தியாவும்

78 தட்டின் பிணைபொருள் அரக்கு. கல்தூளும் கரியும் அதனுடன் கலக்கப்பட்டன. உலகின் அரக்குத் தேவையில் பெரும்பகுதியை இந்தியக் காடுகளே நிறைவு செய்தன. கிராமபோன் கம்பெனி 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் தட்டுத் தொழிற்சாலை நிறுவியது. பின்னர் 1928-இல் அது டம்டம்முக்கு மாறியது. மேலைநாடுகளில் 78 தட்டு மறைந்த பின்பும் இந்தியாவில் 1960-களிலும் அது வெளிவந்தது. பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள்கூட இங்கு 78 தட்டுகளாக விற்கப்பட்டன.

தமிழ்நாட்டில்

மதுரையில் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு அவரது பத்தாவது வயதில் வெளியானது. ஏ. வி. மெய்யப்பன் திரைத்துறைக்கு வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியே ஓடியன் தட்டுகளை வெளியிட்டார்.

திண்டுக்கல் (1985 வரை மதுரை மாவட்டம்) வட்டாரத்திலும் பிற ஊர்களிலும் பொதுமக்களுக்கு இசைத்தட்டைக் கொண்டு சேர்த்தது வீட்டுக் கருவியைவிட மைக் செட்டே எனலாம். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி ஊருக்கே பாடும். எல். ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாடல்களும் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசமும் இவ்வழியே ஊர்தோறும் பரவின. 1980-களில் ஒலிநாடா பரவியதும் தட்டுகள் பரணுக்கும் பழைய இரும்புக் கடைக்கும் சென்றன.

பேணும் முறை

* வறண்ட சமவெளி ஊர்களில் தூசி மிகுதி. ஒவ்வொரு முறையும் மென்தூரிகையால் தட்டையும் ஊசியையும் துடைக்க வேண்டும்.
* தட்டுகளை நிமிர்த்தியே அடுக்க வேண்டும். ஓட்டுக்கூரை, தகரக்கூரையின் கீழ் கோடை வெப்பத்தில் அவை வளைந்துவிடும்.
* 78 தட்டை ஒருபோதும் ஸ்பிரிட் கொண்டு துடைக்கக் கூடாது. தச்சர்கள் மரத்துக்குப் பூசும் பாலிஷ், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வதே. தட்டும் அப்படியே கரையும்.
* நெடுநாள் ஓடாமல் நின்ற ரப்பர் சக்கரத்தில் தழும்பு விழுந்து 'தட தட' ஒலி எழும். சக்கரத்தை மாற்றி, அச்சுக்கு உரிய எண்ணெய் இட்ட பின்பே தட்டு வைக்க வேண்டும்.
* ஊசியின் பாரத்தைக் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் குறித்த அளவில் வைக்க வேண்டும். மிகக் குறைந்த பாரமும் தீங்கே. ஊசி துள்ளிப் பள்ளத்தின் சுவரைக் கீறும்.

முக்கியத்துவம்

முற்காலப் பதிவுகள் பலவற்றுக்குத் தாய்ப்படி எஞ்சவில்லை. எஞ்சிய தட்டே அந்தக் குரலுக்கு ஒரே சான்று. 1990-இல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் கழகம் இத்தகைய தட்டுகளை ஆவணப்படுத்தி வந்துள்ளது. ஓடியன் தட்டுகள் பல பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தில் எண்மியமாக்கப்பட்டன. அதற்கும் சரியான வேகமும் சரியான ஊசியும் கொண்ட இயக்கி முதலில் வேண்டும். பரணில் தட்டு கிடைத்தால், கைக்குக் கிடைத்த கருவியில் உடனே ஓட்டிப் பார்க்காமல் வேகத்தையும் ஊசியையும் சரிபார்த்து, முதல் முறை ஓட்டும்போதே ஒலியைப் பதிந்துகொள்வது நல்லது.