கோப்பு வழங்கியின் தாமதமும் அதன் காரணங்களும்

பல கணனிகளுக்கும் பொதுவாகிய கோப்புகளை ஓரிடத்திற் காத்து, வேண்டியபோது அளிக்குங் கணனி வழங்கி எனப்படும். சிறிய காரியாலயமொன்றில் ஐந்தாறு பேருடைய அன்றாட வேலை இவ்வொன்றையே பற்றி நிற்றலால், இது தளர்வுறுங்கால் அனைவர் வேலையுந் தளர்வுறும். அந்நிலையில், வழங்கி பழையதாயிற்று, புதியது வாங்குக என்பாரே பலர். காரணம் அறியாது பொருளைச் செலவிடின், குற்றம் இருந்தவாறே இருப்பப் பணம் மாத்திரம் போய்விடும். ஆதலின் அதனை முறைப்பட ஆராயுமாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் வினாவ வேண்டியவை மூன்று. தாமதம் ஒருவர்க்கோ, எல்லோர்க்குமோ? எந்நேரமுமோ, குறித்த வேளையில் மட்டுமோ? கோப்பைத் திறக்கும்போதோ, திறந்தபின்னருமோ? ஒருவர்க்கு மட்டுமெனின் அவர் கணனியையும் அதனோடு பொருந்திய வடத்தையும் நோக்குக. குறித்த வேளையிலெனின், அவ்வேளையில் நிகழும் காப்புப்படி எடுத்தலையோ வைரசுச் சோதனையையோ ஐயுறுக. தொடக்கத்திற் சில வினாடி தயங்கிப் பின்னர் விரையுமெனின், வழங்கியின் பெயரைக்கொண்டு முகவரியைத் தேடும் ஏற்பாட்டிற் பிழையிருத்தல் கூடும்.

அடுத்து, வழங்கியின் முன்னமர்ந்து அதே கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். ஆங்குந் தாமதமெனின் வலையமைப்பின்மீது பழியில்லை. வன்றட்டையும் நினைவகத்தையும் ஆராய்க. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்றட்டு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 8.3 மில்லிவினாடி கொள்ளும். படிக்குந் தலை இடம்பெயருங் காலமுஞ் சேர்வதால், சிதறிக் கிடக்குந் துண்டுகளுள் வினாடிக்கு நூறளவே அதனால் எடுக்கவியலும். எனவே பெருங்கோப்பு ஒன்று விரைந்துவர, அதே மொத்த அளவினவாகிய ஆயிரஞ் சிறுகோப்புகள் ஊர்ந்துவருதல் பழுதன்று, இயல்பேயாம்.

வழங்கியில் விரைவும் பிற கணனிகளில் தாமதமுங் காணின், குற்றம் இடைவழியிலுள்ளதென்று கொள்ளலாம். வினாடிக்கு 100 மெகாபிற் செல்லும் இணைப்பின் உச்ச எல்லை 12.5 மெகாபைற்றேயாம். 1000 மெகாபிற் இணைப்புக்கு வடத்தினுள் நான்கு கம்பிச் சோடிகளும் வேண்டும். 100 மெகாபிற்றுக்கு இரண்டு போதும். ஆகவே ஒரு சோடி அறுந்தவிடத்து, இணைப்பு முற்றாக அறாமல் வேகம் பத்திலொன்றாகக் குறைந்து தொடர்தலும் உண்டு. இன்னும், 100 மெகாபிற் இணைப்பில் ஒரு முனை அனுப்புதலையும் பெறுதலையும் ஒருங்கே செய்யுமாறு நிலையாக அமைக்கப்பட்டிருக்க, மறுமுனை தானே தெரிந்துகொள்ளுமாறு விடப்பட்டிருப்பின், பின்னையது ஒருவேளைக்கு ஒன்றே செய்யும் நிலையை மேற்கொள்ளும். அப்போது சிறு செய்திகள் செவ்வனே செல்ல, பெருங்கோப்புகள் மட்டும் மோதுண்டு தடைப்படும்.

இறுதியாக இரண்டு நினைவிற் கொள்ளத்தக்கன. வன்றட்டின் தாமதம் அதன் அழிவுக்கு முன்னறிகுறியாதலும் உண்டு. ஆதலால் ஆராய்ச்சி தொடங்குமுன் காப்புப்படி எடுத்தல் தலையாய கடமை. மற்றையது, ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றி, விளைவைக் குறித்து வைத்தல். பலவற்றை ஒருங்கே மாற்றுவோன், தாமதம் நீங்கினும், அஃது எதனால் நீங்கிற்றென அறியான். அது மீண்டும் வருங்கால் முன்போலவே திகைத்து நிற்பான்.