செல்லாத வெற்றி

1941-ம் வருஷம் பிப்ரவரி மாதம், இத்தாலியின் வடபாகத்தில் டோலோமைட் மலைகளுக்கு நடுவே அமைந்த கோர்த்தினா தாம்பெட்ஸோ என்னும் ஊரில் ஒரு பெரும் பந்தயம் நடைபெற்றது. மலைப் பனிச்சறுக்கில் உலகத்தின் முதல்வர் யார் என்று தீர்மானிக்கும் பந்தயம் அது. வீரர்களும் வீராங்கனைகளும் சரிவுகளில் பாய்ந்தனர். கடிகாரங்கள் அவர்களுடைய வேகத்தைக் கணித்தன. வென்றவர்களின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. ஐந்து வருஷங்கள் கழிந்தன. 1946-ல் சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் அந்தப் பந்தயம் செல்லாது என்று தீர்ப்புச் செய்தது. உலக சாம்பியன்களின் வரிசையில் அந்த வருஷத்திற்கு இன்று இடமில்லை. வென்றவர்கள் வெல்லாதவர்களாயினர்.

பனி என்றால் மார்கழி மாதத்து விடியற்பனியை மட்டுமே அறிந்தவர்கள் நாம். எங்கோ ஆல்ப்ஸ் மலையில் நடந்து, பிறகு துடைக்கப்பட்ட ஒரு பந்தயத்தைப் பற்றி நாம் கவலைப்படுவானேன் என்று சிலர் கேட்கலாம். கேள்வி பனியைப் பற்றியதன்று. எதிர்த்து நிற்க வேண்டியவன் சிறையில் கிடக்கும்போது பெற்ற வெற்றிக்கு என்ன மதிப்பு என்பதே கேள்வி. அரசியலில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய விஷயம் இது.

முதலில் இவ்விளையாட்டின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்வோம். கால்கள் இரண்டிலும் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு, கைகளில் கோல்களைப் பிடித்து, உறைபனி மூடிய மலைச்சரிவில் சறுக்கி இறங்குவதே இது. அக்காலத்துப் பந்தயத்தில் இரண்டு வகைகள் முக்கியமானவை. ஒன்று மலையிறக்க ஓட்டம்; உச்சியிலிருந்து அடிவாரம் வரை குறித்த பாதையில் மிகக் குறைந்த நேரத்தில் இறங்குபவர் வெல்வார். மற்றொன்று ஸ்லாலம், சரிவில் நாட்டப்பட்ட கொடிக்கம்பங்களின் இடைவெளிகளினூடே இடமும் வலமும் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஓர் இடைவெளியையும் தவறவிடக் கூடாது. இவ்விரண்டின் பலனையும் சேர்த்துக் கூட்டுப் போட்டியின் முதல்வரைத் தீர்மானிப்பார்கள். ஒருவர்பின் ஒருவராகத் தனித்தனியே இறங்குவதால், எதிராளியைத் தள்ளவோ மறிக்கவோ வழியில்லை. நடுவரின் தயவு வேண்டுவதில்லை. கடிகாரமே நீதிபதி.

கடிகாரத்தை இவ்வாறு நீதிபதியாக்கியதில் பெரும்பங்கு கொண்டவர் ஆர்னால்டு லுன் என்னும் ஆங்கிலேயர். இவர் 1888-ல் நமது சென்னை நகரில் பிறந்தவர் என்பது நம்மவர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். இவருடைய தந்தை ஹென்றி லுன் மெதடிஸ்ட் மிஷனரியாக இங்கு வந்திருந்தார். மகன் பின்னர் ஸ்விட்ஸர்லாந்து மலைகளில் ஈடுபாடு கொண்டு, 1911-ல் மலையிறக்க ஓட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தார். அதற்கு வைக்கப்பட்ட கோப்பை ராபர்ட்ஸ் பிரபுவின் பெயரைத் தாங்கியது. 1880-ல் ஆப்கன் யுத்தத்தில் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் படை நடத்திச் சென்ற அதே தளபதிதான் அவர். அன்று முதல் காந்தஹார் என்னும் பெயர் ஆல்ப்ஸ் மலைப் பந்தயங்களில் ஒட்டிக்கொண்டது. ஏகாதிபத்தியத்தின் சேனை நடந்த வழியின் பெயர், கனவான்களின் விளையாட்டுக் கோப்பையில் போய் அமர்ந்தது! விளையாட்டு வேறு, ராஜ்யம் வேறு என்று சொல்வோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

1922-ல் லுன், ம்யூரன் என்னும் ஸ்விஸ் கிராமத்தில், அழகைப் பார்க்காமல் நேரத்தை மட்டும் பார்க்கும் புதுமுறை ஸ்லாலம் ஓட்டத்தை நடத்தினார். சர்வதேசச் சம்மேளனம் 1924-ல் தோன்றியது. சமவெளி ஓட்டத்திலும் தாண்டுதலிலும் தேர்ந்த நார்வே நாட்டார் இப்புது வகைகளை எளிதில் ஏற்கவில்லை. கடைசியில் 1930-ல் ஆஸ்லோ நகரில் கூடிய மகாநாட்டில் அங்கீகாரம் கிடைத்தது. மறுவருஷம், 1931-ல், முதல் உலகப் பந்தயம் ம்யூரனிலேயே நடந்தது. எஸ்மே மக்கின்னன் என்னும் 17 வயது பிரிட்டிஷ் பெண் மலையிறக்கம், ஸ்லாலம் இரண்டிலும் முதல்வரானார். இரண்டாவது பந்தயம் 1932-ல் இதே கோர்த்தினாவில் நடந்தது. அதன் முடிவுகள் இன்றும் செல்லும். ஆகவே, பழி ஊரைச் சேர்ந்ததன்று, காலத்தைச் சேர்ந்தது.

அந்தக் காலம் எவ்வாறு வந்தது? 1936-ல் ஜெர்மனியில் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஹனில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில்தான் மலைச்சறுக்கு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. பிரிட்டிஷ் குழுவின் தலைவர், லுன்னின் மகன் பீட்டர் லுன். நாஜி ஆட்சியை வெறுத்த அவர், துவக்க விழா அணிவகுப்பில் நடக்க மறுத்தார். இரண்டு வருஷங்களில் இடி ஆஸ்திரியாவின்மீது விழுந்தது. 1938 மார்ச்சில் ஹிட்லர் அந்நாட்டை விழுங்கினார். ஸாங்க்ட் ஆன்டன் என்னும் மலையூரில் பள்ளி வைத்து, உலகம் முழுவதும் பரவிய பனிச்சறுக்கு முறையைக் கற்பித்த ஹான்னஸ் ஷ்னைடர், நாஜிகளுக்கு இணங்காதவர் என்பதால் உடனே கைதானார். ஷ்னைடரும் லுன்னும் சேர்ந்து 1928 முதல் நடத்திவந்த ஆர்ல்பர்க்-காந்தஹார் பந்தயம் அந்த மாதம் அவ்வூரில் நடக்கவிருந்தது. நண்பர் சிறையில் இருக்கப் பந்தயமா என்று லுன் அதை நிறுத்திவிட்டார். ஷ்னைடர் பின்னர் விடுதலையாகி, 1939-ல் அமெரிக்காவுக்குக் குடியேறினார். பந்தயத்தை நடத்துவது ஒரு கடமையானால், நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்துவதும் ஒரு கடமையே.

1939 பிப்ரவரியில் போலந்தின் ஜாக்கோப்பானே என்னும் மலைநகரில் உலகப் பந்தயம் கூடியது. பங்கு கொண்ட நாடுகளின் வரிசையில் ஆஸ்திரியா என்ற பெயர் இல்லை. ஷ்னைடரின் ஊராகிய ஸாங்க்ட் ஆன்டனில் பிறந்த யோஸப் யென்னவைன் என்னும் இளைஞர் கூட்டுப் போட்டியில் உலக சாம்பியனானார். ஜெர்மனியின் பெயரில் ஆனார். விரும்பினும் விரும்பாவிடினும், அவர் அணிவதற்கு வேறு சின்னம் கிடையாது. நாடு அடிமையானால், அந்நாட்டு வீரனின் கால்களும் அடிமையாகின்றன. அவன் வேகம் அவனுடையது. அதன் புகழோ ஆண்டையினுடையது.

ஏழு மாதங்களுக்குள், விருந்தளித்த போலந்தின்மீதே ஜெர்மன் சேனை பாய்ந்தது. அதன்பின் ஜாக்கோப்பானேயின் வீரர்கள் என்ன ஆனார்கள்? மூன்று ஒலிம்பிக்குகளில் போலந்துக்காக நின்ற ப்ரோனிஸ்லாவ் செஹ், 1940 ஜூனில் ஆஷ்விட்ஸ் முகாமுக்குச் சென்ற முதல் போலிஷ் கைதிகள் கூட்டத்தில் ஒருவரானார். 1944 ஜூனில் அங்கேயே உயிர் நீத்தார். மலைச்சறுக்கில் பலமுறை தேச சாம்பியனாயிருந்த ஹெலெனா மருஸார்ஸூவ்னா என்னும் பெண், இரகசிய இயக்கத்தின் தூதராகி, டாட்ரா மலைகளைக் கடந்து செய்திகளைக் கொண்டு சென்றார். பந்தயத்துக்காகப் பழகிய வித்தை தாய்நாட்டின் தொண்டுக்குப் பயன்பட்டது. 1940-ல் பிடிபட்டார், 1941 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 23.

நார்வேயின் கதை வேறு விதம். 1940 ஏப்ரலில் ஜெர்மானியர் அந்நாட்டைப் பிடித்தபின், விளையாட்டுச் சங்கங்களை நாஜிகளின் கைப்பாவைகள் தம் வசப்படுத்த முயன்றனர். விளையாட்டு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆக்கிரமிப்பாளர் நடத்தும் பந்தயங்களில் ஓடுவதில்லை, தாண்டுவதில்லை என்று உறுதி பூண்டனர். காடுகளில் மறைவாகத் தமக்குள்ளேயே போட்டி நடத்திக்கொண்டனர். ஒத்துழையாமையின் பலத்தை நமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. பனியின் பிள்ளைகள் என்று பெயர் பெற்றவர்கள் பனியைத் துறந்தது சாமானியத் தியாகமன்று.

இப்போது 1941-ன் கோர்த்தினாவுக்கு வருவோம். அச்சு நாடுகளும், அவற்றுடன் யுத்தம் புரியாத நாடுகளும் மட்டுமே அங்கு வந்தன. ஆண்களின் மலையிறக்கத்திலும் கூட்டுப் போட்டியிலும் யென்னவைன் வென்றார். ஸ்லாலத்தில் இத்தாலியர் விட்டோரியோ கியெர்ரோனி வென்றார். பெண்களில் ஜெர்மனியின் கிறிஸ்டல் கிரான்ஸ் மலையிறக்கத்தையும் கூட்டுப் போட்டியையும், இத்தாலியின் செலினா செகி ஸ்லாலத்தையும் வென்றனர். கடிகாரங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், கடிகாரம் வந்தவர்களை மட்டுமே அளக்கும். ஆஷ்விட்ஸில் இருந்த செஹ்ஹை அது அளக்கவில்லை. அந்தப் பிப்ரவரியில் சிறையில் இருந்த மருஸார்ஸூவ்னாவை அது அளக்கவில்லை. வர மறுத்த நார்வே வீரர்களின் உறுதியை அளப்பதற்குக் கடிகாரத்தில் முள்ளே கிடையாது. அப்போது சம்மேளனத்தின் தலைவராயிருந்த ஆஸ்ட்கார்டே நார்வே நாட்டவர். அவருடைய நாடு அந்நியரின் காலடியில் கிடந்தபோதுதான் உலகத்தின் பெயரால் இந்தப் பந்தயம் நடந்தது.

1946-ன் தீர்ப்பு நியாயமானதே என்பது நமது அபிப்பிராயம். ஆயினும் அதற்கு எதிராகச் சொல்லக்கூடியதை மறைப்பது தர்மமன்று. செலினா செகி அப்போது 20 வயதுப் பெண். முஸோலினியின் பாபங்களுக்கு அவர் பொறுப்பாளி அல்லர். அவர் ஸ்லாலத்தில் வென்றது சாதாரண எதிராளியையன்று. 1934 முதல் 1939 வரை 12 உலகப் பட்டங்கள் பெற்ற கிரான்ஸை. அந்த ஓட்டம் அவர் கால்களால் ஓடியது. அதைத் துடைப்பது தகுமா? நமது விடை இதுதான்: அவருடைய திறமையை யாரும் துடைக்கவில்லை, துடைக்கவும் முடியாது. உலகம் என்னும் பெயரைத்தான் துடைத்தார்கள். உலகத்தில் பாதியை வாயிலில் நிறுத்திவிட்டு, உலக முதல்வர் என்று பட்டம் சூட்டுவது கள்ள நாணயம் அடிப்பதற்கு ஒப்பாகும். காசில் உள்ள வெள்ளி நல்லதாயிருக்கலாம்; முத்திரை பொய். முத்திரை பொய்யானால் காசு செல்லாது. மெய்யான முத்திரையைச் செகி பின்னர் பெற்றார். 1950-ல் அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் நடந்த உலகப் பந்தயத்தில் ஸ்லாலத்தில் மூன்றாம் இடம் அவருக்குக் கிடைத்தது. சுதந்திர உலகத்தின் மூன்றாம் இடம், அடிமைப்பட்ட உலகத்தின் முதல் இடத்தைவிட உயர்ந்தது. அவர் 102 வயது வரை வாழ்ந்து 2022-ல் காலமானார். யென்னவைனுக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. ஜெர்மன் விமானப்படையில் சேர்க்கப்பட்டு, 1943-ல் ருஷ்யப் போர்முனையில் மறைந்தார். எந்த ராஜ்யத்தின் பெயரில் அவர் வென்றாரோ, அந்த ராஜ்யமே அவரைத் தின்றது.

இன்னொரு விஷயமும் உண்டு. யுத்தம் முடிந்தபின், 1948-ல் ஸாங்க்ட் மோரிட்ஸில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்குக்கு ஜெர்மனியையும் ஜப்பானையும் அழைக்கவில்லை. அப்பந்தயத்தின் மலைச்சறுக்கு முடிவுகள் உலகப் பட்டங்களாகவும் எண்ணப்பட்டன. அவற்றை யாரும் ரத்துச் செய்யவில்லை. நாடுகளைப் பிடித்தவன் விலக்கப்படுவதும், பிடிபட்டவன் விலக்கப்படுவதும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனாலும், அளவுகோலைக் கையில் வைத்திருப்பவன் அதைத் தன்மீதும் வைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவன். வென்றவர் எழுதும் தீர்ப்பு என்ற ஒரே காரணத்தால் ஒரு தீர்ப்பு நியாயமாகிவிடாது, அநியாயமாகிவிடவும் செய்யாது.

கோர்த்தினா தன் கறையைக் கழுவிக்கொண்டது. 1956-ல் குளிர்கால ஒலிம்பிக் அங்கு நடந்தது. மீண்டும் தன் பெயரைப் பெற்ற ஆஸ்திரியாவின் புதல்வர் டோனி ஸைலர், மலைச்சறுக்கின் மூன்று ஓட்டங்களிலும் தங்கப் பதக்கம் வென்றார். இம்முறை தன் நாட்டின் சின்னத்தை அணிந்தே வென்றார். 2021-ல் உலகப் பந்தயமும் அவ்வூருக்குத் திரும்பி வந்தது. அதே மலை, அதே பனி. நடுவில் வந்து சேர்ந்தது சுதந்திரம் ஒன்றுதான்.

விளையாட்டு விழாக்களைக் கொண்டு தம் ஆட்சிக்கு மெருகேற்ற விரும்பும் அரசுகள் எக்காலத்திலும் உண்டு. அத்தகைய விழா எங்கு நடப்பினும், வென்றவர் யார் என்று கேட்பதற்கு முன், வர முடியாதவர் யார், வர மறுத்தவர் யார், ஏன் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். அந்தக் கேள்வியைப் பந்தயம் முடிந்து ஐந்து வருஷங்களுக்குப் பின் கேட்பதைவிட, பந்தயம் தொடங்குமுன் கேட்பதே ஆண்மை. 1938-ல் சென்னையில் பிறந்த அந்த மனிதர் செய்தது அதுவே.