திரும்பி வரும்போது கேட்கும் ஊசி

தென்னேரியில் இருக்கும் ஒரு குடும்பம், நைரோபியில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளை எல்லோரும் போகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டுமா என்ற கேள்வி வரும். நிதானமாகப் பார்ப்போம்.

மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவும் வைரஸ் நோய். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உண்டு. முற்றினால் கல்லீரலைத் தாக்கி உயிரையே எடுத்துவிடும்.

“போகிற நாடு கேட்டால் போட்டுக்கொள்வோம்” என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். இந்தியாவிலிருந்து நேரே போகிறவர்களிடம் அந்த நாடு கேட்காமலும் விடலாம். கென்யாவிலிருந்து திரும்பும்போது கட்டாயம் கேட்பது நம் நாடுதான்.

ஏன்? டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்பும். அது நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே வளர்கிறது. ஆனால் மஞ்சள் காய்ச்சல் வைரஸ் இந்தியாவுக்குள் இதுவரை காலூன்றவில்லை. அகலில் எண்ணெயும் திரியும் தயாராக இருக்க, நெருப்பு மட்டும் வராதது போல. தொற்றோடு வரும் ஒருவரே அந்த நெருப்பாகிவிடலாம். நோய் வெளியே தெரிய 3 முதல் 6 நாள் ஆகும். அதனால்தான் ஊசி போட்டதற்கான சான்றிதழ் இல்லாமல் வருபவரை 6 நாள் வரை தனிமையில் வைக்கிறார்கள்.

அடுத்தது, நாள் கணக்கு. ஊசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அதை அடையாளம் கண்டு உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க நாளாகும். ஆகவே சான்றிதழ் 10 நாள் கழித்தே செல்லுபடியாகும். முன்பு 10 ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது. 2016 ஜூலை முதல் ஒரே ஊசி ஆயுளுக்கும் செல்லும்.

எல்லா மருத்துவமனையிலும் இதைப் போட முடியாது. கிண்டி கிங் நோய்த் தடுப்பு மருந்து நிலையம் போன்ற, அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே கிடைக்கும். முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடு போக வேண்டும்.

உயிருள்ள வைரஸ் என்பதால் எல்லோருக்கும் ஒத்துவராது. 9 மாதம் நிரம்பாத குழந்தை, கர்ப்பிணி, முட்டை கடுமையாக ஒவ்வாதவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், முதல்முறை போடும் 60 வயது கடந்தவர் ஆகியோர் மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ நேரே போய்த் திரும்பினால் இந்த ஊசி தேவையில்லை. டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ போன்றவற்றுக்கான ஊசிகளை விமான நிலையத்தில் யாரும் கேட்பதில்லை. ஆனாலும் நம் நலனுக்காக மருத்துவரிடம் விசாரித்துக்கொள்வோம். டிக்கெட் எடுத்த வாரமே தாத்தா, பாட்டியின் மருந்துச் சீட்டுகளோடும் பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடும் அவரைப் போய்ப் பார்த்துவிடுங்கள்.