முன்னால் புரொப்பெல்லர், வாலில் ஜெட்

விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் கடைசிக் கட்டத்தில் "வேண்டாம், மேலே போ" என்று சைகை வந்தால், விமானி அந்தக் கணமே எகிற வேண்டும். 1940களின் ஜெட் எஞ்சின்கள் இங்கேதான் காலை வாரின. த்ராட்டிலைத் தள்ளியும் டர்பைன் வேகம் பிடிக்கப் பல நொடிகள் ஆகும். குறைந்த வேகத்தில் எரிபொருளையும் கண்டபடி குடிக்கும். திருவண்ணாமலை கிரிவலத்தின் 14 கி.மீ.யை ஓட்டப்பந்தயமாகத் தொடங்கினால் வழியிலுள்ள எமலிங்கம் வருமுன்பே மூச்சு வாங்குமே, அந்தக் கதைதான்.

புரொப்பெல்லர் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும். ஏறவும் இறங்கவும் சிக்கனமாகப் பறக்கவும் அதுவே தோது. ஜெட் கொஞ்சம் காற்றை மிக வேகமாக உமிழும், பாய்ச்சலுக்கு அது. இரண்டையும் ஒரே விமானத்தில் வைத்தால்? அமெரிக்காவின் ரயன் ஃபயர்பால் அப்படிப் பிறந்தது. 1951 ஆகஸ்டில் பிரான்ஸின் பிரெகே வுல்ட்டூர் பறந்தது: மூக்கில் மாம்பா டர்போபிராப், வாலில் நீன் ஜெட்.

ஜெட்டை அணைத்துவிட்டால் அது வெறும் சுமை. கலப்பு முறையின் தீராத வியாதி இதுதான். ஜெட்டுகளும் விரைவிலேயே தேறிவிட, கலப்புக்குத் தேவையில்லாமல் போனது.

வுல்ட்டூரை வீணாக்காமல் நீர்மூழ்கி வேட்டைக்கு மாற்றினார்கள். அதற்கு மணிக்கணக்கில் வட்டமடிக்க வேண்டும், பாய்ச்சல் தேவையில்லை. வால் ஜெட் போனது. வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் ரேடார் வந்தது. அதுதான் 1961இல் நம் விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்துக்கு வந்த அலிஸே.

1971 போரில், வங்கக்கடலில் விக்ராந்தின் தளத்திலிருந்து அலிஸேக்களும் ஸீ ஹாக் ஜெட்டுகளும் சேர்ந்தே கிளம்பின. கலப்பு ஒரு கப்பலுக்குப் பொருந்தியது, ஒரு விமானத்துக்குத்தான் பொருந்தவில்லை.