வயது போன உடம்பும் தோட்ட வேலையும்

வலிகாமம் வடக்கு மக்கள் 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஊரை விட்டு வெளியேறினார்கள். அன்று முப்பத்தைந்து வயதாக இருந்த ஒரு விவசாயிக்கு, 2017 யூலையில் மயிலிட்டித் துறைப் பகுதி விடுவிக்கப்பட்டபோது அறுபத்திரண்டு வயது. இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். இடையில் மல்லாகம் கோணப்புலத்திலோ, சுன்னாகம் சபாபதிப்பிள்ளை நலன்புரி நிலையத்திலோ, உறவினர் வளவின் ஒரு மூலையிலோ கால் நூற்றாண்டு கழிந்து போனது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்ததும் அதே கால்கள்தான்.

எத்தனை ஏக்கர் விடுபட்டது, எத்தனை ஏக்கர் இன்னும் இராணுவத்திடம் இருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறோம். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காணிக்குள் இறங்கும் உடம்பைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு. விட்டுப் போன காணி பற்றை மூடிக் கிடக்கிறது. விட்டுப் போன உடம்போ எங்கும் கிடக்கவில்லை. அது எம்மோடு கூட வந்து, கூடவே வயது போய்விட்டது.

திரும்பி வந்தவர்களில் இரண்டு வகையினரைக் காணலாம். ஒரு சாரார் அன்று விட்ட வேலையை இன்று அதே வேகத்தில் தொடங்குகிறார்கள். மூன்றாம் நாள் நாரி பிடித்துப் படுத்துவிடுகிறார்கள். மற்றச் சாரார், "இனி எனக்கு ஏலாது, பிள்ளைகள் பார்க்கட்டும்" என்று கதிரையில் இருந்துவிடுகிறார்கள். இரண்டாவது வகையினரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். நாரிப் பிடிப்பு ஒரு கிழமையில் விடும். கதிரையில் இருந்து போன பலம் எளிதில் திரும்பி வராது.

இதற்குக் காரணம் தசை. முப்பது வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் மனிதனின் தசையில் நூற்றுக்கு மூன்று முதல் எட்டு வரை குறைந்து போகிறது. அறுபதுக்குப் பின் இந்தக் குறைவு வேகம் பிடிக்கிறது. படுக்கையில் கிடந்தால் அதைவிட வேகம். 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நல்ல சுகத்தோடிருந்த முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டது. காய்ச்சலுக்கோ சத்திரசிகிச்சைக்கோ படுத்த ஒரு ஆச்சி, நோய் மாறிய பின்பும் கிணற்றடிக்கு நடக்க முடியாமல் தவிப்பது இதனால்தான். அது "வயது போச்சு" என்று விட்டுவிடக்கூடிய சங்கதி அல்ல.

போன தசையை ஓரளவு மீட்கவும் முடியும். நாம் ஊரை விட்டு வெளியேறிய அதே 1990ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகர முதியோர் இல்லமொன்றில் வைத்தியர் மரியா ஃபியற்றரோன் என்பவரும் கூட்டாளிகளும் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்குக் காலால் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரங்களில் அவர்களுடைய கால்களின் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் கூடியது. தொண்ணூறில் முடிந்தது அறுபத்தைந்தில் ஏன் முடியாது?

பாரம் தூக்கும் இயந்திரம் எமக்கு வேண்டாம். விறாந்தைக் குந்தில் இருந்து, கையை ஊன்றாமல் எழும்பி, மெதுவாக மறுபடியும் இருக்க வேண்டும். காலையில் பத்துத் தடவை, மாலையில் பத்துத் தடவை. முதல் நாள் மூன்று தடவைதான் முடிந்தால் மூன்றோடு நிறுத்துங்கள். ஒரு கிழமையில் ஐந்தாகும். நெஞ்சு நோவோ மூச்சு வாங்குவதோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும். தோட்ட வேலையையும் இப்படித்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பல வருடம் மண்வெட்டி பிடிக்காத கைக்கு முதல் கிழமை அரை மணி நேரக் கொத்து போதும்.

வெங்காயமும் முழங்காலும்

எமது செம்மண் தறைகளின் செல்வம் வெங்காயம். ஆனால் முழங்காலுக்கு அதைவிடக் கடுமையான பயிர் கிடையாது. நடுவதும் குந்தியிருந்து, களை பிடுங்குவதும் குந்தியிருந்து, கிண்டி எடுப்பதும் குந்தியிருந்து. முழங்கால் மூட்டுக்குள் எலும்புகள் ஒன்றோடொன்று உரசாமல் காக்கும் குருத்தெலும்பு வயதோடு தேய்கிறது. குந்தியிருக்கும்போது அதன் மேல் விழும் அழுத்தம், நிற்கும்போது விழுவதைவிடப் பல மடங்கு. ஒரு சாண் உயரப் பலகை ஒன்றையோ, பழைய ரின்னைக் கவிழ்த்தோ வைத்து அதில் இருந்து களை பிடுங்கினால் முழங்கால் முழுவதும் மடியாது. எழும்புவதும் சுலபம். பார்ப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

உடம்பு பாரமானவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். ஒரு கிலோ எடை குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைகிறது. நோவுக்கு மருந்துக்கடையில் தாமாகவே குளிசை வாங்கிப் போடும் பழக்கம் இங்கே அதிகம். டைக்குளோபெனக் போன்ற நோக்குளிசைகளை வைத்தியரின் ஆலோசனையின்றி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும். சிறுநீரகமும் பழுதாகும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூட.

பயிரை மாற்றுவதையும் யோசிக்கலாம். இருக்கும் நிலம் முழுவதையும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் விடாமல், ஒரு பகுதியில் வாழையும் முருங்கையும் வைத்தால் நின்றபடியே பார்க்கலாம். பாகல், புடலை, பயற்றை போன்ற பந்தல் கொடிகளும் அப்படித்தான். ஆனால் பந்தல் நெஞ்சு உயரத்துக்கு மேல் போகக்கூடாது. தலைக்கு மேல் கையைத் தூக்கி நெடுநேரம் வேலை செய்தால் வயது போன தோள்மூட்டு பிடித்துக்கொள்ளும். பந்தலுக்கு அடியில் நுழைய முடியாதென்றால் வரிசையாகப் படல் கட்டி, இரு பக்கமும் நடந்து ஆயலாம். தண்ணீர் அள்ளும்போது ஒரு கையில் நிறைவாளி தூக்குவதைவிட இரு கையிலும் அரைவாளி நல்லது. துலா மிதித்த காலத்தை நினைத்துப் பெருமைப்படலாம். அதை இன்று செய்து காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

பாதை நினைவில் இருக்கிறது, கண்ணில் இல்லை

நாற்பது நாற்பத்தைந்து வயதில் கண்ணின் வில்லை இறுகத் தொடங்குகிறது. கிட்டத்தில் உள்ளது தெளிவாகத் தெரியாது. அறுபது வயதுக் கண்ணின் உட்திரையை அடையும் வெளிச்சம், இருபது வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதன் மேல் கண்புரையும் சேர்ந்தால், மங்கிய நேரத்தில் கயிறும் பாம்பும் ஒன்றாகவே தெரியும். கண்புரைக்குச் சொட்டு மருந்தோ, பச்சிலைச் சாறோ பயன்படாது. சத்திரசிகிச்சை செய்து புதிய வில்லை வைக்க வேண்டும். ஊருக்குள் சிலர் செய்யும் கைவைத்தியத்தை நம்பிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

விடுவிக்கப்பட்ட காணிகளில் இது வெறும் கண் சங்கதி மட்டும் அல்ல. பழைய ஒழுங்கை எங்கே திரும்பும், எந்த வேலியில் பொட்டு இருந்தது என்பதெல்லாம் எமக்கு மனப்பாடம். அந்த நினைவை நம்பி விடியமுன் இருட்டில் நடப்பது ஆபத்து. வேலி இல்லை, கட்டு உடைந்த கிணறு பற்றைக்குள் மறைந்து கிடக்கும், முறிந்த கொங்கிறீற்றுக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வெடிபொருள் அகற்றி முடிந்ததாக அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் மட்டும், நன்றாக விடிந்த பிறகு, செருப்போடு போங்கள். இரும்பாகத் தெரிகின்ற எதையும் குனிந்து எடுக்க வேண்டாம். அறிவித்தல் பலகையை வாசிக்க முடியாதவர்கள் கண் தெரியும் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

செருப்பு என்றதும் நீரிழிவைச் சொல்லாமல் விட முடியாது. வெறுங்காலோடு மண்ணை மிதித்தால்தான் தோட்டம் செய்த மாதிரி இருக்கும் என்பவர்கள் எம்மில் பலர். நெடுநாள் நீரிழிவு உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடுகிறது. கருக்கு வெட்டினாலும் முள் ஏறினாலும் நோகாது. நோகாத புண்ணை யாரும் பார்ப்பதில்லை. அது ஆழமாகிக் காலையே எடுக்க வேண்டி வந்த கதைகளை நாம் அறிவோம். ஒவ்வொரு நாளும் கால் கழுவிய பின் உள்ளங்காலைப் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதீனியச் செடியை வெறுங்கையால் பிடுங்குவதையும் விட வேண்டும். அது தோலில் கடியை உண்டாக்கும்; தொய்வு உள்ளவர்களுக்கு அதன் மகரந்தமும் ஆகாது.

தண்ணீர்

வயதாகும்போது தாகம் குறைகிறது. உடம்புக்குத் தண்ணீர் தேவை குறைவதில்லை. தேவை என்று சொல்லும் மணிதான் அடிப்பதில்லை. வியர்த்து உடம்பைக் குளிர வைக்கும் சக்தியும் சிறுநீரை இறுக்கித் தண்ணீரைச் சேமிக்கும் சக்தியும் கூடவே குறைகின்றன. ஆகையால் சித்திரை வெயிலில் ஒரு இளம்பெடியன் தாங்கும் இரண்டு மணி நேரம், அறுபத்தெட்டு வயதுக்காரரை மயக்கி விழுத்திவிடும். காலை ஒன்பது மணிக்குள் ஒரு வேலை, நான்கு மணிக்குப் பின் ஒரு வேலை. தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அரை மணிக்கு ஒரு முறை சில மிடறு தண்ணீர். சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் தண்ணீரின் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். இரவில் எழும்ப வேண்டுமே என்ற பயம். மலசலகூடம் வளவின் மூலையில், வழியில் வெளிச்சம் இல்லை. பிள்ளை பெற்ற பெண்களுக்கு இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் சிறுநீர் கசிவதும், வயது போன ஆண்களுக்குச் சுக்கிலச் சுரப்பி வீங்கி அடிக்கடி போக வேண்டி வருவதும் சாதாரணமாக நடப்பவை. வெட்கப்பட்டு மறைப்பதால் இவை தீராது. கிளினிக்கில் வாய் திறந்து சொன்னால் பெரும்பாலும் வழி உண்டு. பகலில் நன்றாகக் குடித்து, பொழுதுபட்ட பின் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் எழும்பும்போது பாயிலிருந்து ஒரேயடியாக எழும்பக்கூடாது. முதலில் எழும்பி இருந்து, மெல்ல முப்பது எண்ணி, பிறகு நில்லுங்கள். அழுத்தக் குளிசை எடுப்பவர்களுக்குத் தலைச்சுற்று வருவது இந்த நேரத்தில்தான். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் சில ஆண்டுகளில் எலும்பு விரைவாக மெலிந்துவிடுவதால், இருட்டில் விழும் ஒரு விழுகையே இடுப்பை உடைத்துவிடும். கட்டிலருகே ஒரு ரோச்லைற், மலசலகூடச் சுவரில் பிடித்து எழும்ப ஒரு உறுதியான கம்பு. புது வீடு கட்டும்போதே இவற்றைச் சொல்லிச் செய்விக்கலாம்.

சாப்பாட்டில் ஒரு குறை உண்டு. பல்லுப் போன பிறகு சோறும் சொதியும், அல்லது கஞ்சி மட்டும் என்று ஆகிவிடுகிறது. மீனையும் முட்டையையும் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுக் குழம்பைத் தொட்டுச் சாப்பிடும் ஆச்சிமார் எத்தனை பேர்! தசைக்குப் புரதம் வேண்டும். பயறு, உழுந்து, கச்சான், முட்டை, சின்ன மீன். எலும்புக்கு முருங்கையிலை, எள்ளு, குரக்கன், முள்ளோடு அரைத்த நெத்தலி. மீனும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் அவிந்து கரையும் ஒடியற்கூழ், பல்லில்லாத வாய்க்கு வாய்த்த உணவு. அதை விருந்தாளி வரும் நாளுக்கு மட்டும் வைத்திருக்க வேண்டியதில்லை.

காதைப் பற்றிச் சுருக்கமாக. குண்டுச் சத்தமும் ஷெல் சத்தமும், நீர் இறைக்கும் இயந்திரத்தின் இரைச்சலும் கேட்ட காதுகள் எங்கள் காதுகள். முதலில் போவது மெல்லிய, கூரிய ஒலிகள். ஆகவே பிள்ளைகளே, அப்புவிடம் கத்த வேண்டாம். முன்னால் வந்து நின்று, முகம் பார்த்து, ஆறுதலாகச் சொல்லுங்கள்.

அவர் உங்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு காரியமும் உண்டு. வேலியும் வீடும் அழிந்த இடங்களில், எல்லைக்கல் எங்கே நின்றது, பங்குக் கிணற்றுக்கு வாய்க்கால் எந்த வழியாகப் போனது, எந்தத் துண்டில் உப்பு ஏறும், எந்தத் துண்டு வெங்காயத்துக்கு உகந்தது என்பதை அறிந்தவர்கள் 1990க்கு முன் அங்கே தோட்டம் செய்தவர்கள்தான். கொத்துவதற்கு ஏலாமல் போனாலும் இதைக் காட்டிக்கொடுக்க அவர்களுக்கு ஏலும். ஒரு காலை நேரம் பார்த்து, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காணியின் நான்கு மூலைக்கும் போங்கள். உறுதியில் உள்ள காணிப் பெயரையும் அயற்காணிக்காரரின் பெயர்களையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். செருப்பும் தண்ணீர்ப் போத்தலும் மறக்க வேண்டாம். இருப்பதற்கு ஒரு சிறு கதிரையைப் பெடியன் தூக்கி வரட்டும்.